மூன்று மணிக்கு ஆர்காடியாவில்

அக்காவையும் அவருடைய மகளையும் ஒரே காரில் ஏற்றியதுதான் நான் என் வாழ்நாளில் செய்த பெரிய சாதனை. அதற்கு முன் நான் செய்த சாதனை என்று பார்த்தால், ஓட்டுநர் உரிமத்தை நாலாவது தடவையில் எடுத்ததைச் சொல்லலாம். அதற்கே வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள்.

இரண்டு பேரும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த நேரம், மகள், எனக்கு மருமகள், பான் நகரத்திலிருந்து போன் எடுத்து, கொஞ்ச நாளைக்கு ஒரு ஹைமில் இருந்து நடை பழகலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். அவளுக்கு அது ஒரு சாதாரண ஏற்பாடு. அக்காவுக்கோ ஹைம் என்றால் முதியோர் இல்லம், முதியோர் இல்லம் என்றால் பெற்ற தாயைக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவது. போனை வைத்தவர்தான். ஊன்றுகோலோடு தன்னுடைய வீட்டுக்குப் போய், மூன்றாம் மாடியில் தனியாகக் கிடந்து எழும்பினார். அத்தான் உயிரோடு இல்லை. நானும் மனைவியும் சோறு கொண்டுபோனோம். மகள் வந்து மணி அடித்தால் கதவு திறக்காது.

இப்போது மருமகளுக்கு நாட்டின் அடுத்த கோடியில் இருக்கிற டிரெஸ்டனில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போகிறாள். இப்படியே போனால் பிறகு ஒன்றில் கலியாண வீட்டில், அல்லது செத்த வீட்டில்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குப் பயம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் எனக்குப் போனில் பழக்கமான ஒருவர் தன்னுடைய மகனுக்குப் பொம்பிளை தேடுவதாகச் சொன்னார். அக்காவிடம் போய், "பிள்ளை ஓமெண்டு சொல்லிப்போட்டாள், நீங்கள் கட்டாயம் வரவேணுமாம்" என்றேன். மருமகளிடம், "அம்மா ஆசைப்படுறா, வாயால சொல்ல வெக்கப்படுறா" என்றேன். இரண்டும் பொய். கலியாணம் சரிவந்தால் லாபம். சரிவராவிட்டாலும் காரில் போய்வர இரண்டு மணித்தியாலம் அவர்கள் ஒன்றாக இருக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

மருமகளுக்கு வயது முப்பத்திமூன்று. ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே ஒரு தரம் மாமா. போட்டோ ஒண்டும் அனுப்பாதேங்கோ. ஆளை நேரில பாப்பன். பிறகு இந்தக் கதை எடுக்கக்கூடாது."

மாப்பிள்ளைப் பெடியனின் தகப்பனும் ஒரு நிபந்தனை போட்டார். எங்களுடைய ஆட்களிடம் இப்போது இதுதான் வழமை. பெண் பார்க்க வீட்டுக்குப் போகமாட்டார்கள். பொதுவான ஓர் இடத்தில் இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். கோப்பி குடிக்க வந்த இடத்தில் கண்டோம், கதைத்தோம். சரிவராவிட்டால் ஒருவருக்கும் மானம் போகாது. "கலியாணம் எண்ட சொல்லையே எடுக்கக்கூடாது அண்ணை. முதலே போன் எடுக்கிறது, மெசேஜ் போடுறது ஒண்டும் வேண்டாம். பிள்ளையள் காதில விழுந்தா செயற்கையாப் போயிடும். சனிக்கிழமை மூண்டு மணி, எங்கட பக்கத்தில இருக்கிற ஆர்காடியாவில. அவ்வளவுதான்" என்றார்.

"ஆர்காடியாதானே, தெரியும்" என்று சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லை.

சனிக்கிழமை அக்கா முன்னால் ஏறினார். மருமகள் பின்னால். கொலோனைத் தாண்டும்வரை காருக்குள் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

"பின்னால குளிருதோ எண்டு கேள், ஹீட்டரைப் போடுவம்" என்றார் அக்கா என்னிடம்.

"எனக்குக் குளிரேல்லை எண்டு சொல்லுங்கோ மாமா" என்றாள் பின்னால் இருந்தவள்.

நான் சொன்னேன். ஒரு முழம் தள்ளி இருக்கிறவர்களுக்கு நடுவில் தபால்காரன் வேலை. வியர்த்தது எனக்குத்தான்.

பெடியன் வீட்டுப் பக்கம் கிட்ட வந்ததும், முகவரியைப் போனில் பார்த்துச் சொல்லும்படி மருமகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"எந்த ஆர்காடியா மாமா?"

"ஏன், எத்தினை இருக்கு?"

"ஒரு மருந்துக்கடை. ஒரு ஜிம். தோட்டம் வச்சிருக்கிற ஆக்களின்ர சங்கம் ஒண்டு. டான்ஸ் பள்ளிக்கூடம். ஒரு கஃபே. அங்கால, நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடை. ஓ, பாத்ரூம் டைல்ஸ் விக்கிற இடமும் இருக்கு."

"ஒரு பேரை வச்சுக்கொண்டு என்ன இவ்வளவு கூத்து?"

"அது கிரேக்கத்தில ஒரு பழைய பகுதி மாமா. பள்ளிக்கூடத்தில படிச்சது. மலையும் ஆடும்தான். ஆனா அந்தப் பக்கமே போகாத ஆக்கள் அதைச் சொர்க்கம் எண்டு பாட்டா எழுதிவச்சிட்டினம். அதுக்குப் பிறகு நல்லா இருக்கவேணும் எண்டு நினைக்கிறதுக்கெல்லாம் இந்தப் பேர்."

"போகாத ஆக்களோ? அப்ப எங்கட ஆக்கள் ஊரில இருந்துகொண்டு ஜெர்மனியைப் பற்றிச் சொன்னமாதிரி."

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்னால் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவரும் சிரித்தாரோ என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் எனக்குத் தேவைக்கு மேலான துணிச்சலைத் தந்துவிட்டது. மூன்று மணிக்கு ஒருவன் கோப்பிதான் குடிப்பான், இறைச்சி வாட்டித் தின்னமாட்டான் என்று யோசித்தேன். "கஃபேயைப் போடு" என்றேன். பெடியனின் தகப்பனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தற்செயல் கெட்டுப்போகும்.

இடத்தைப் பார்த்ததும் எனக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர்மேல் மரியாதை கூடியது. மூன்று மாடிக் கட்டடம், தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, முன்னால் ரோஜாச் செடிகள், வாசலில் பொன்னிற எழுத்தில் ரெசிடென்ஸ் ஆர்காடியா. ஹோட்டல் என்று நினைத்தேன். அந்த எழுத்துக்குக் கீழே சின்னதாக இன்னும் ஒரு வரி இருந்தது. மூக்குக்கண்ணாடி காரில்.

மருமகள் அதை வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது என்ன இடமெண்டு தெரியுமோ?"

"கோப்பிக்கடை. வா."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அக்கா திரும்புவதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

கஃபேக்குள் ஜன்னலோரம் ஒரு தமிழ்க் குடும்பம். என் வயது மதிக்கத்தக்க மனிதர், அவருடைய மனைவி, தாடி வைத்த ஒரு பெடியன். எனக்குப் போனில் அனுப்பிய படத்தில் இருந்தவனுக்கும் தாடி. இந்தக் காலத்தில் எல்லாப் பெடியனுக்கும் ஒரே தாடி. தகப்பனை எனக்குப் போனில் மட்டும்தான் தெரியும். குரலை வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் குண்டாக இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"வணக்கம் அண்ணை!" என்றேன், தற்செயலான குரலில். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய குரல். "நீங்களும் இங்கயோ?"

அந்த மனிதர் பாதி எழும்பி, முகம் கறுத்து, மனைவியைப் பார்த்தார். "ஓம்... சும்மா. இந்தப் பக்கம் வந்தனாங்கள். ஒரு கோப்பி குடிப்பமெண்டு."

"நாங்களும் சும்மாதான்!"

என்ன நடிப்பு என்று வியந்தேன். என்னைவிடத் திறமைசாலி. மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டேன். அவர்கள் அதை விரும்பியதாகத் தெரியவில்லை. அதுவும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது மாதிரி ஓர் உரையாடலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மழையைப் பற்றிக் கதைத்தோம். ஆட்டோபானில் நடக்கும் வீதி வேலையைப் பற்றிக் கதைத்தோம். அடிக்கடி இங்கே வருவீர்களா என்று கேட்டேன். மனிதர் தொண்டையைச் செருமினார். மனைவி கைப்பையைத் திறந்து மூடினார். "கேக் நல்லாயிருக்கும்" என்றார். பெடியன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவு கூச்சம் உள்ள பெடியன் இந்த நாட்டில் வளர்ந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மருமகள்தான் அவனோடு கதைத்தாள். என்ன வேலை, எங்கே படித்தது என்று அவள் கேட்கக் கேட்க அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் மேசைக்கடியில் காலால் அக்காவின் காலைத் தட்டினேன். அது முழங்கால் சத்திரசிகிச்சை செய்த கால்.

"மாடு" என்றார் அக்கா மெதுவாக. பிறகு சுற்றிப் பார்த்தார். "தம்பி, இங்க எல்லாம் வயசு போன ஆக்களாயிருக்கு."

உண்மைதான். எங்களைச் சுற்றி எல்லாம் வெள்ளைத் தலைகள். சக்கரம் பூட்டிய நடைவண்டிகள் சுவரோரம் வரிசையாக நின்றன.

"சனிக்கிழமை பின்னேரம் ஜெர்மன் கிழடுகள் கேக் தின்னுறதுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு கழிவறைக்குப் போனேன்.

அங்கே பார்த்தால், சுவர் முழுக்கப் பிடிகள். பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு, அவசரத்துக்கு இழுக்க. வெளியே வந்தால் நடைபாதையில் வாரச் சாப்பாட்டுப் பட்டியல், அதில் பல் இல்லாதவர்களுக்குத் தனி வரிசை. ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயரும் படமும். ஹோட்டலில் ஆட்களின் படத்தைக் கதவில் ஒட்டமாட்டார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

மருமகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"இப்ப விளங்கிச்சோ மாமா? இது ஹைம்."

"எனக்குத் தெரியாது பிள்ளை. சத்தியமா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா எண்டு யோசிச்சனீங்களோ? நான்தான் உங்களைப் பிடிச்சு, மாப்பிள்ளை பாக்கிறமெண்டு பொய் சொல்லி, அவவைக் கூட்டிக்கொண்டு வந்து ஹைமைக் காட்டுறன் எண்டு நினைப்பா. இண்டையோட முடிஞ்சுது. கதவு மட்டுமில்லை, போனும் எடுக்கமாட்டா." ஆஸ்பத்திரியில் ஒரு பகுதிக்கே பொறுப்பாக நிற்கிறவள், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்ப இவை ஏன் இந்த இடத்தைச் சொன்னவை?"

"அவையின்ர ஆரோ இங்க இருக்கினம்போல. எனக்கு அது பிடிச்சிருக்கு மாமா. ஒளிக்காம இங்க வரச் சொல்லியிருக்கினம். ஆனா அம்மாவுக்கு முதலே சொல்லியிருக்கவேணும்."

அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் தகப்பன். தற்செயல் என்ற கொள்கையைக் கைவிட்டு எழுதியிருந்தார்: நாங்கள் வந்து முக்கால் மணித்தியாலம். கிரேக்கன் மூன்றாம் தரம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டான். எங்கே நிற்கிறீர்கள்?

போனை மருமகளிடம் நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப அங்க இருக்கிறது ஆர்?"

"தெரியாது."

"அரை மணித்தியாலமா ஆரெண்டு தெரியாத ஆக்களோடயா கதைச்சனாங்கள்?"

"நீ கனக்கக் கதைச்சனீ."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. திட்டம் ஒன்று போட்டோம். அவள் காருக்குப் போய் நிற்பது. நான் அக்காவிடம், மாப்பிள்ளை பகுதிக்கு அவசரம், வேறு நாளில் பார்ப்போம் என்று சொல்லி, கதவையோ எழுத்தையோ நிமிர்ந்து பார்க்கவிடாமல் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவது. இரண்டு நிமிட வேலை.

கஃபே வாசலுக்கு வந்தபோது பிந்திவிட்டது. பராமரிப்புப் பெண் ஒருத்தி சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு எங்களுடைய மேசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஒரு தமிழ்ப் பெண், அக்காவின் வயதுதான் இருக்கும். நெற்றியில் பொட்டு, சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இதோ, வந்துவிட்டார்!" என்று பராமரிப்புப் பெண் ஜெர்மன் மொழியில் உற்சாகமாகச் சொல்லி, நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனாள்.

மனிதர் தலையைக் குனிந்தார். அவருடைய மனைவியின் கண் கலங்கிவிட்டது.

"என்ர அக்கா" என்றார் மனிதர், கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு. "பாரிசவாதம் வந்தது. வீட்டில வச்சுப் பாக்க ஏலாமப் போச்சுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை நாங்கள்."

நானும் மருமகளும் வாசலிலேயே நின்றோம். அக்காவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, கன நாளைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூட்டாளி கிடைத்தமாதிரி. வாய் கோணினாலும் சொல் தெளிவாக வந்தது.

"நீங்கள் எந்த ரூம்?"

அக்கா திரும்பினார். முதலில் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தார். நீண்ட நேரம். சுவரோரம் நின்ற நடைவண்டிகளை, மேசைகளை, ஒரு கிழவருக்குக் கரண்டியால் கேக் ஊட்டிக்கொண்டிருந்த தாதியை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது எல்லாம் பிழை என்று கத்தவேண்டும்போல இருந்தது எனக்கு. வாய் வரவில்லை. தேவையில்லாத இடத்திலெல்லாம் வருகிற வாய்.

மருமகள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் இறங்கியது.

"எனக்கு ரூம் இல்லை" என்றார் அக்கா கடைசியில், அந்தப் பெண்ணிடம். "நான் சும்மா வந்தனான்."

"ஓ" என்றார் அவர். அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து மெல்லப் போனது. "ஆக்கள் எல்லாம் சும்மாதான் வருவினம்."

அக்கா எழும்பிப் போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பவில்லை. தன் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"சாப்பாடு என்ன மாதிரி?"

"வியாழக்கிழமை சோறெண்டு ஒண்டு தருவினம். அதை வச்சு போஸ்டர் ஒட்டலாம்."

"எவ்வளவு நாளா இங்க?"

"மூண்டு மாசம். இனி இங்கதான். இவங்களும் என்ன செய்யிறது?" என்று தம்பியைக் கண்ணால் காட்டினார். அந்த மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பி என் பக்கம் வந்தார். நான் யாரென்று தெரியாமலேயே என்னிடம் நியாயம் சொல்லத் தொடங்கினார்.

"சனம் கேட்டா, அக்கா ஆர்காடியாவில இருக்கிறா எண்டுதான் அண்ணை சொல்லுறது. பொய்யில்லைத்தானே. அரைவாசிப் பேர் அது ஒரு ஊரெண்டு நினைக்கினம். ஒருத்தர் கேட்டார், கடற்கரை கிட்டவோ எண்டு."

வேறு நேரமாக இருந்தால் அதற்கு நான் ஒரு பகிடி விட்டிருப்பேன். அப்போது தலையை மட்டும் ஆட்டினேன். என் கண் அக்காவின் மேல் இருந்தது. அக்கா மகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மருமகள் போய், வகுப்பில் எழுப்பிவிட்ட பிள்ளைமாதிரி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ என்னை எத்தினை நாளைக்கு இருக்கச் சொன்னனீ, அப்ப?"

"மூண்டு கிழமை, அம்மா."

"என்ன?"

"மூண்டு கிழமை. முழங்கால் மடங்குமட்டும். பிறகு நான் லீவு எடுத்துக்கொண்டு வந்து உங்களோட நிக்கிறதெண்டு. லீவும் எழுதிக் குடுத்திட்டன்."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"ஹைம் எண்டவுடன போனை வச்சிட்டீங்கள். பிறகு கதவைத் திறக்கேல்லை. கடிதம் போட்டனான்."

"கவரில ஜெர்மன் எழுத்தைக் கண்டா நான் கடிதத்தை உடைக்கிறேல்லை. உனக்குத் தெரியாதோ?" அக்காவின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "இரண்டு வருசம்! இரண்டு வருசம் ஒருத்தி மூண்டு கிழமைக்காக..." வசனத்தை முடிக்கவில்லை. அவருக்குக் கோபம் மகள்மேலா, தன்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. "இந்த மாடும் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்று என்னைக் காட்டினார்.

எனக்கும்தான் தெரியாது. நான் ஒரு நாளும் மருமகளிடம் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. இரண்டு வருடம் சமாதானம் பேசித் திரிந்தவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்தமாதிரி இருந்துவிட்டேன்.

மருமகள் அழுதாள். அக்கா அழவில்லை. மேசையிலிருந்த கடதாசித் துவாயை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டார். சமாதானம் என்று அதைச் சொல்லமுடியாது. அதற்குப் பிறகும் இருவருக்கும் பல சண்டை நடந்தது, டிரெஸ்டனுக்குப் போவது பற்றியே மூன்று நடந்தது. ஆனால் எல்லாச் சண்டையும் நேருக்கு நேர்.

நாற்காலியில் இருந்தவர் இதையெல்லாம் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல பொழுதுபோக்கு அதுவாக இருக்க வேண்டும். அடங்கியதும் சொன்னார்:

"என்ர ரூமில ஜன்னல் திறக்குதில்லை. இவங்களிட்ட எத்தினை தரம் சொல்லுறது. உங்கட மகளுக்கு டொச் பாஷை நல்லா வருமோ?"

"வரும்" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவள்தான். வாங்கோ, மேல போய்ப் பாப்பம்." மேசையை ஊன்றி எழும்பினார். முழங்கால் இறுகியிருக்க வேண்டும், ஒரு கணம் தடுமாறினார். மருமகள் கையைக் கொடுத்தாள். அக்கா பிடித்தார்.

என் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அழைப்பு.

"எங்க அண்ணை நிக்கிறியள்? பெடியன் சாப்பிட்டே முடிச்சிட்டான்!"

"அண்ணை, ஒரு சின்னப் பிழை. நாங்கள் வேற ஆக்களைத் தற்செயலாச் சந்திச்சிட்டம்."

அந்தப் பக்கம் வந்த சத்தத்துக்குப் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. லிஃப்ட் கதவு திறந்தது. சக்கர நாற்காலியும் அக்காவும் மருமகளும் ஏறியதும் உள்ளே இடம் இல்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடி படியால் ஏறினேன்.